வண்டிச் சாவி நுழைந்த காது

என் கணவருக்குச் சர்க்கரை நோய். வண்டிச் சாவியால் காது குடையும் பழக்கம் வேறு. போன மாதம் வலது காது வலிக்கிறது என்றார். மகளுக்கு வாங்கி மிச்சமிருந்த சொட்டு மருந்தை மூன்று நாள் நானே விட்டேன். நான்காம் நாள் தோசையைக்கூட மெல்ல முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டார். பயந்துபோய் ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்கு, காது டாக்டரிடம் ஓடினோம்.

“உள்ள வீங்கி அடைச்சுருச்சும்மா. நீங்க விட்ட மருந்து உள்ளயே போகலை. சுகர் இருக்கவருக்கு இப்படியே விட்டா கிருமி எலும்புக்கே இறங்கிரும்” என்றார் டாக்டர். காதைச் சுத்தம் செய்து, மருந்து உள்ளே இறங்குவதற்காகச் சிறு திரி ஒன்றை வைத்தார். மாத்திரையும் தந்தார். வலி விட ஒரு வாரமானது.

இப்போது மிச்ச மருந்தை நான் வைத்திருப்பதில்லை. அவர் வண்டியை நிறுத்தியதும் கையை நீட்டுவேன். “இம்புட்டு வயசுக்கு மேல சாவியப் பிடுங்குறியே!” என்பார்.

“நான் பேசுறது காதுல விழுகுதுல்ல? அப்பச் சாவியக் குடுங்க!”