அப்பா சொன்ன நிறங்கள்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு முதலில் வந்த டிவி கறுப்பு வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது. கரண்ட் வராத காலம், கார் பேட்டரியில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் போட்டால் லயத்துச் சனம் முழுக்க அந்த ஒரு காம்பரா அறைக்குள் நெருக்கியடித்து உட்காரும்.

ஒரு குடும்பப் படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அண்ணனும் தம்பியும் பிரிவார்கள், அண்ணி சேர்த்துவைப்பாள். அந்தப் படம் வந்தால் முன்னிடம் அப்பாவுக்குத்தான். கல்யாணமான புதிதில் ஹட்டன் டவுன் தியேட்டரில் அதைக் கலரில் பார்த்தவர் அவர். லயத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. அதனால் நிறம் சொல்வது அவர் வேலை.

“அண்ணி சீலை இப்ப கொழுந்துப் பச்சை. காரு செவப்பு. நல்ல ரத்தச் செவப்பு.”

“நம்ம தோட்டத்துத் தொரை காரு மாதிரியா மாமா?” என்று யாராவது கேட்பார்கள்.

“தொரை காரு இதுக்குப் பக்கத்துல நிக்குமா? பேசாம பாருடா.”

நாங்கள் அந்தப் படத்தைக் கலரில்தான் பார்த்தோம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வட்டவளையில் தேத்தண்ணிக் கடை, கொழும்பில் புடவைக் கடை, பிறகு கத்தார். எங்கும் நிலைத்து நின்றதில்லை. போன வருடம் அப்பா இறந்தபோது காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அழக்கூட இல்லை என்று அக்கா போனில் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டாள். இந்த முறை லீவில் வந்தபோது எப்படியாவது அம்மாவைப் பேசவைத்துவிட வேண்டும் என்றிருந்தேன். தேடியதில் அந்தப் படம் போனில் கிடைத்தது. ஒரு மழை நாள் மத்தியானம் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுவிட்டேன்.

அண்ணி வந்தாள். சீலை ரோஸ்.

அப்பா மறந்திருப்பார் என்று நினைத்தேன். கார் வந்தது. கரும்பச்சை. அவர் மஞ்சள் என்று சொன்ன கல்யாணப் பந்தல் நீலம். ஒன்றுகூடச் சரியில்லை. அப்பாவைப் பற்றிப் பேசவைக்கப் போய், அவரைப் பொய்க்காரராக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“சிக்னல் இல்லம்மா, பெறகு பாப்போம்” என்று போனை எடுக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“வைடா அங்க. நல்லாத்தானே ஓடுது?”

“கலரெல்லாம் வேற மாதிரி இருக்கேம்மா.”

“ஒங்கப்பா எங்கடா இந்தப் படத்தப் பாத்தாரு?” என்று சிரித்தாள்.

கல்யாணமான புதிதில் இருவரும் மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சி, வேலையைப் பாதி நாளில் விட்டுவிட்டு ஹட்டனுக்கு இறங்கியிருக்கிறார்கள். சம்பளம் போட்ட வாரம். தியேட்டர் வாசலில் மற்றத் தோட்டங்களின் சனமெல்லாம் நின்றிருக்கிறது. டிக்கெட் கிடைக்கவில்லை. பஜாரில் தோசை தின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

“லயத்துக்கு வந்தா, படம் எப்புடின்னு எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. அரைப்பேர, அரை நாள் சம்பளத்த விட்டுட்டு தோசை தின்னுட்டு வந்தோம்னு சொல்ல முடியுமா? ஊரே சிரிச்சிருக்கும். தியேட்டர் வாசல்ல வாங்குன பாட்டுப் புஸ்தகத்துல கத கொஞ்சம் இருந்துச்சு. மனுசன் அத வச்சி அளக்க ஆரம்பிச்சாரு. நானும் ஆமா ஆமான்னேன்.”

“அப்ப அந்தக் கொழுந்துப் பச்சை?”

“அது அன்னைக்கு நான் கட்டியிருந்த சீலைடா. செவப்புக் காரு தோசைக் கடை வாசல்ல நின்னுச்சு. மஞ்சப் பந்தலு கடைச் செவரு.”

சிரித்துக்கொண்டே சொன்னவள் அப்படியே முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் படத்தை நிறுத்தினேன். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சட்னிய மறுபடி மறுபடி கேட்டு வாங்குனாருடா அந்த மனுசன். கடக்காரன் மொறச்சான் பாரு. இரு, அதச் சொல்றேன்.”