அப்பாவின் பெயரில் ஒரு மரணப் பதிவு

எங்கள் வம்சாவளியை எழுதக் கிளம்பிய நான், பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அப்பா சங்கரலிங்கத்தின் பிறப்புப் பதிவைத் தேடித்தான் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் மலையாளப் பெண் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சாரே, இந்தச் சங்கரலிங்கம் மரண ரிஜிஸ்டர்லயும் உண்டல்லோ. பதினொரு மாசக் குழந்தையிலே மரிச்சு போயி."

"எங்கப்பா ஆரியசாலை வீட்டுல பேப்பர் படிச்சிட்டு இருக்கார். உயிரோட இருக்கிறவரைச் சாகடிச்சு எழுதி வச்சிருக்கீங்களே?"

அவர் கோபப்படவில்லை. பக்கத்தை என் பக்கம் திருப்பினார். தாத்தா பெயர், ஆச்சி பெயர், வீட்டு எண் எல்லாம் எங்களுடையதுதான். ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நகலை நீட்டினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அது எங்க அண்ணன்டா. மூத்தவனுக்குத் தாத்தா பேருதானே வைப்போம். அவன் போனதும் அடுத்துப் பிறந்த எனக்கு அதே பேரை வச்சாங்க. என் பிறப்பை யாரும் பதியல. ஸ்கூல்ல சேர்க்கும்போது அவனோட பிறப்பு சர்டிபிகேட்டையே கொடுத்துட்டாங்க."

"அப்ப உங்க பிறந்தநாள்?"

"தெரியாது." பிறகு அவரே கேட்டார். "அவன் போனப்ப எத்தனை மாசம்னு போட்டிருக்கு?"

சொன்னேன்.

"அம்மா சொன்னதே இல்ல" என்றார்.

இந்த வருடமும் சர்டிபிகேட்டில் இருக்கும் அந்தத் தேதியிலேயே பாயசம் வைத்தோம். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தவன், யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். தம்ளரை வாங்கிக்கொண்ட அப்பா, "அவனுக்கும் ஒண்ணு எடுத்து வை" என்றார்.