குறை சொல்ல ஓர் ஆள்

கண் தெரியாதவர்களுக்கு ஒயர் கூடை பின்னச் சொல்லித்தரும் வேலையில், பின்னுவது சுலபம். விற்கும்போது கண் தெரிகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காகச் சம்பளமில்லாமல் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்குக் கடற்கரையோர டவுன்ஷிப்பில் வேலை. பொழுது போகாமல், பக்கத்து வீட்டு வசந்தாவோடு சனிக்கிழமைதோறும் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் வகுப்பு. முகூர்த்த நாளில் துரத்திவிடுவார்கள். மற்ற நாளில் புது ஒயர் வாசனையும் பழைய சாம்பார் வாசனையும் கலந்து அடிக்கும். அந்த வாசனை இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முதல் பாடம்

கடப்பாக்கத்திலிருந்து வந்த தனத்துக்கு அப்போது முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. அண்ணன் வீட்டில் இருந்தாள். முதல் நாள் அவள் எதிரில் உட்கார்ந்து, "இதை இப்படி மடிச்சு, இதுக்குள்ள விட்டு, இந்தப் பக்கமா இழும்மா" என்று வகுப்பெடுத்தேன். எதை, எதற்குள், எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குப் புரியாதபோதெல்லாம் குரலை உயர்த்தினேன், ஏதோ காது கேட்காத மாதிரி.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனம் சொன்னாள்: "டீச்சர், கொஞ்சம் வாய மூடிகினு கைய குடு."

கைப்பிடி நீளம்

பொங்கல் சமயத்தில் டவுன்ஷிப்பில் கடை போட்டோம். பின்னியவர்களும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும், "ஐயோ, கண்ணே தெரியாம எவ்வளவு அழகா!" என்று ஆரம்பிப்பார்கள். சிலர் கண்ணையும் துடைத்துக்கொள்வார்கள். ஒரு பெரிய அதிகாரி தனத்தின் கூடையைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் வாங்கினார். தனத்துக்கு மனசு கேட்கவில்லை. "சார், கைப்பிடி நீளம் போதுமா? ஒருவாட்டி தூக்கிப் பாரு சார்" என்றாள்.

அவர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "அதனால என்னம்மா, நான் தூக்கவா போறேன்?"

கோணல் கூடை

அடுத்த வாரம் தனம் உம்மென்று வந்தாள். "உன் கூடைய யாருடி வாங்கறா? அவங்க புண்ணியம் வாங்கறாங்க" என்று அண்ணி சொல்லிவிட்டாளாம். வசந்தா சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "உன் பின்னல் மாதிரி உலகத்துலயே கிடையாது தனம்" என்று இன்னும் கொஞ்சம் அள்ளிவிட்டாள்.

தனம் வேண்டுமென்றே ஒரு கூடை பின்னினாள். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை. தரையில் வைத்தால் சாயும். "இத கடைல வெச்சிடு டீச்சர். ஒருத்தராச்சும் கேக்குறாங்களா பாப்போம்" என்றாள்.

செங்கல்பட்டில் ஒரு பள்ளி விழாக் கடையில் அதை முன்னால் வைத்தேன். யாராவது குறை சொல்லிவிட வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்ட கடைக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓர் அம்மாள் வந்தார். கூடையைத் தூக்கினார், திருப்பினார், கோணலை நன்றாகவே பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு பக்கத்தில் இருந்த தனத்தைப் பார்த்தார். முகம் அப்படியே இளகிவிட்டது.

"என்ன நேர்த்தி! மிஷின்ல செஞ்ச மாதிரி இருக்கும்மா!"

திருவிடந்தைக்காரி

அடுத்த சனிக்கிழமை தனம் மிச்ச ஒயரையெல்லாம் திருப்பிக் கொடுக்க வந்தாள். "எங்க அண்ணி சொன்னதுதான் கரெக்ட்டு டீச்சர். நான் இனிமே வர்ல." என்ன சொல்லித் தடுப்பது? பாராட்டினால் இன்னும் மோசம். ஒயர்க் கட்டை வாங்கிக்கொண்டேன். அழுகை வந்தது.

அப்போது வாசலில் ஒரே சத்தம். திருவிடந்தையில் மீன் விற்கும் அம்மா. சில வாரம் முன்னால் வகுப்பு வாசலிலேயே பேரம் பேசி, தனம் பின்னிய கூடை ஒன்றை வாங்கிப் போயிருந்தாள். "இன்னாமா கூட இது? நடுரோட்ல கைப்பிடி பிச்சிக்கிச்சி. மீனு பூரா மண்ணுல! யாரு பின்னது?" வசந்தா ஓடிப்போய், "மெதுவா பேசும்மா, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாது" என்றாள்.

"அதுக்கு? கண்ணு தெரியாதுன்னா என் மீனு எழுந்து வந்து மறுபடி கூடைல குந்திக்குமா?"

தனம் வெடுக்கென்று எழுந்தாள். "நான்தான் பின்னேன், இப்டி குடு" என்று கூடையை வாங்கித் தடவினாள். "ஈர மீன ரொப்பிகினு போனா? இது காய்கறிக் கூட!"

"வாங்கறப்போ சொன்னியா?"

"நீ கேட்டியா?"

மண்டபமே அதிர்ந்தது. சண்டையோடு சண்டையாகத் தனம் என் கையிலிருந்த ஒயர்க் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பழைய கைப்பிடியைப் பிரித்துப் போட்டு, இரட்டை ஒயரில் புதிதாக இறுக்கிப் பின்னிக் கொடுத்தாள். அந்த அம்மா இழுத்து இழுத்துப் பார்த்தாள். "இப்ப தாங்கும். இதே மாரி எங்க ஆளுங்களுக்கு இன்னும் ரெண்டு போட்டு வையி. பிஞ்சிச்சி, திரும்ப வருவேன்" என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

அன்று தனத்தைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. பஸ் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்: "எங்க வூட்டுக்கு ஒரு நாள் வா டீச்சர். ஒருத்தி வந்து என்ன கன்னாபின்னான்னு திட்டிட்டுப் போனத எங்க அண்ணியாண்ட நீயே சொல்லு."

இத்தனை வருஷத் தொண்டுக்காக எனக்குப் போர்த்திய சால்வைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. நான் பின்னிய கூடையைத் தூக்கிக்கொண்டு மட்டும் இன்றுவரை ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.