கூமரா உட்கார்ந்த இடம்

நாயைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு ஓடுகிற பெண் ஒருத்தி, நாயோடு வேலை செய்வதற்காகவே மனுப் போட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? அவள் குடியிருக்கும் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் ஒருவரும் நம்பவில்லை. லோஜனாவின் அப்பா கதிர்காமநாதன் வேலைக் கடிதம் வந்த பிறகும் நம்பவில்லை.

"மற்றவையின்ர பிள்ளையள் பாங்கில இருக்குதுகள். என்ர பிள்ளை நாயைப் பிடிச்சுக்கொண்டு ஊரார் சூட்கேசுகளை மணந்து பாத்துத் திரியப் போகுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டார்.

லோஜனா அதற்கு முன்பும் நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில்தான் இருந்தாள். பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்க்கிற வேலை. வெளிநாட்டுப் பழம், விதை, இலை எதுவும் நாட்டுக்குள் நுழையக் கூடாது. அவற்றோடு ஒரு பழ ஈ ஒளிந்து வந்தாலே போதும், இங்கே தோட்டக்காரர்கள் தலையில் கைவைக்க வேண்டியதுதான். ஒருநாள் அவள் திரையில் உற்றுப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிய பெட்டியின் முன்னால் ஒரு நாய் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. திறந்து பார்த்தால் சால்வைக்குள் சுற்றிய மாம்பழம். லோஜனாவுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இப்படியும் ஒரு வித்தையா என்று மெய் சிலிர்த்துப் போனாள். பயத்தை அன்றைக்கே மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாய்ப் பிரிவுக்கு மனுப் போட்டாள்.

அவளுக்குக் கிடைத்தவன் கூமரா. கூமரா என்றால் இந்த ஊரில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நிறமும் அதுதான், உருவமும் ஏறக்குறைய அதுதான். தொங்கு காது, எப்போதும் பசி. பழ வாசம் அடித்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான். குரைக்க மாட்டான், பிறாண்ட மாட்டான். அவள் பொருளை எடுத்ததும் அவனுக்கு ஒரு பிஸ்கட். இந்த ஒப்பந்தத்தில் இருவருக்கும் பரம திருப்தி.

போன மாதம்தான் அதில் மண் விழுந்தது. கூமரா இரண்டு முறை உட்கார்ந்தான், இரண்டு முறையும் பெட்டிகளில் ஒன்றுமே இல்லை. மேலதிகாரி மெரே, நல்ல மனுஷி, மாவோரிக்காரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: வரப்போகும் பரீட்சையிலும் இப்படி நடந்தால் உங்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். கூமரா வேறொருவர் கைக்குப் போவான், நீ எக்ஸ்ரேக்குத் திரும்ப வேண்டும். கூமரா இன்னொருத்தி முகத்தைப் பார்த்து உட்காருவதை லோஜனாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பரீட்சை அன்று காலை காரை எடுக்கப் போனால், சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்பா குந்தியிருந்தார். ஒவ்வொரு சில்லின் கீழும் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம்.

"என்னப்பா இது? உங்களுக்குத்தான் என்ர வேலை பிடிக்காதே!"

"ஆர் உனக்கு வச்சது? நான் அந்த நாய்க்கு வச்சனான். பேசாமல் ஏறி நசிச்சுக்கொண்டு போ" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நறுக்கென்று நசுங்கிய சத்தம் விமான நிலையம் வரை அவள் காதிலேயே இருந்தது.

சிங்கப்பூர் விமானம் வந்து இறங்கியது. பரீட்சையைக் கவனிக்க மெரே சற்றுத் தள்ளித் தூணோரம் நின்றுகொண்டார். லோஜனா வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள், கூமராவின் வால் வேகமாக ஆடியது. பைகளைத் தாண்டினான், தள்ளுவண்டிகளைத் தாண்டினான், ஒரு குழந்தை நீட்டிய கையைக்கூட மதிக்காமல் தாண்டினான். பிறகு சட்டென்று நின்று, பின்னால் வந்து, ஒரு தள்ளுவண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வண்டியைத் தள்ளி வந்தவர் பட்டுச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக நின்ற ஓர் அம்மாள். பெயர் பாக்யலட்சுமி, ஊர் ஈரோட்டுப் பக்கம். ஆக்லாந்தின் ஆல்பனியில் இருக்கும் மகள் ரஷ்மிக்குப் பேறுகாலம், பார்த்துக்கொள்ள முதன்முதலாக விமானம் ஏறி வந்திருக்கிறார்.

"அம்மா, பழம், விதை, இலை, சாப்பாடு ஏதாவது வச்சிருக்கிறீங்களா?" இந்தியக்காரரோடு பேசும்போது லோஜனா தன் யாழ்ப்பாணத் தமிழைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வாள்.

தமிழைக் கேட்டதும் பாக்யலட்சுமியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணுமே இல்ல கண்ணு. எம்புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிப்புட்டா. ஊறுகாகூட எடுத்தாரல."

பெட்டிகளை மேசைக்கு ஏற்றினார்கள். சேலை, பேரக்குழந்தைக்குத் தைத்த சட்டைகள், வெள்ளி அரைஞாண், மறுபடி சேலை. எக்ஸ்ரேயும் காலி என்றது. கைப்பையில் ஒரு மிட்டாய்கூடக் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை போலத்தான் இருந்தது.

மெரே தூணை விட்டு மெல்ல நடந்து வந்தார். கூமரா மட்டும் எழுந்திருக்கவில்லை. பெட்டிகளை மேசைக்குக் கொண்டுபோன பிறகும் அவன் அந்த அம்மாளின் காலடியில்தான் உட்கார்ந்திருந்தான். பார்வை லோஜனாவின் முகத்தில். 'நான் என் வேலையைச் செய்துவிட்டேன், நீ உன் வேலையைச் செய்' என்கிற பார்வை.

பெட்டி அங்கே, நாய் இங்கே! லோஜனா அந்த அம்மாளை ஏறிட்டுப் பார்த்தாள். ஈரோட்டிலிருந்து இவ்வளவு தூரம், முதல் விமானப் பயணம், பிள்ளை பெறப்போகிற மகள். இப்படி ஒருவர் வெறுங்கையோடா வீட்டை விட்டுக் கிளம்புவார்? கார் சில்லுக்கே தேசிக்காய் வைக்கிற சனமல்லவா நாம்!

"அம்மா, வெளிக்கிடேக்க..." பதற்றத்தில் தமிழ் பழையபடி சாய்ந்தது. "கிளம்பும்போது கோயிலுக்குப் போனீங்களா? அங்க என்ன குடுத்தாங்க?"

பாக்யலட்சுமியின் கை தானாக இடுப்புக்குப் போனது. கொசுவத்துக்குள் செருகியிருந்த சுருக்குப்பையை வெளியே எடுத்தார். அதற்குள் மஞ்சள் துணி. துணிக்குள், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

லோஜனாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, அரசாங்க உடுப்புப் போட்டிருந்தாளே.

"பழம் இருக்கான்னு கேட்டனே அம்மா?"

"பழத்தத்தான கண்ணு கேட்டீங்க?" அந்த அம்மாள் நிஜமாகவே திகைத்துப் போனார். "இது பழமா? இது ஆத்தா. மாரியாத்தா மடியில வெச்சுக் குடுத்தது. எம்புள்ள தலமாட்டுல வெக்கோணும்."

இதை நாங்கள் எடுத்துவிடுவோம் என்று லோஜனா சொன்னதும் அந்த அம்மாளின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "வேணாங்கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போவும். அவளுக்குத் தலப்பிரசவம். குப்பையில போட்டுறாதீங்க."

சட்டத்தை ஒப்பித்துவிட்டுப் போயிருக்கலாம். லோஜனாவால் முடியவில்லை. மேசையைச் சுற்றி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இண்டைக்குக் காலமை எங்கட அப்பா எனக்காகச் சில்லுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சார். நான் ஏறி நசிச்சுக்கொண்டுதான் வந்தனான். அது அழிஞ்சாத்தானே காரியம் முடிஞ்ச மாதிரி? உங்கட பழமும் உங்களைப் பத்திரமா இங்க கொண்டுவந்து சேர்த்துட்டுது. இனி அதுக்கு வேலை இல்லை. குப்பைக்குப் போகாது, நெருப்பிலதான் எரிப்பாங்க."

"நெருப்புலதான? கால்ல படாதே?"

"படாது. நானே கையில கொண்டுபோய்க் குடுக்கிறன்."

பாக்யலட்சுமி பழத்தைக் கண்ணில் ஒற்றி, லோஜனாவின் கையில் வைத்தார். மஞ்சள் துணியை மட்டும் மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். நடந்ததை லோஜனா ஆங்கிலத்தில் விளக்கினாள். மெரே அந்த அம்மாளின் முகத்தை ஒருகணம் பார்த்துவிட்டு, அபராதம் போடாமல் எச்சரித்து மட்டும் அனுப்பி வைத்தார். கூமரா அன்றைக்குத் தின்றது ஒரு பிஸ்கட் அல்ல, ஒரு பிடி.

"போன மாதம் அவன் உட்கார்ந்த அந்த இரண்டு பேர் யார்?" என்று மெரே கேட்டார்.

லோஜனா யோசித்துப் பார்த்தாள். ஒருவர் மதுரைக்காரப் பெண், கைக்குழந்தையோடு வந்தவர். குழந்தையின் தொட்டில் பிடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியதை லோஜனா தன் கண்ணாலேயே பார்த்தாள். கண்ணூறு படாமலிருக்கக் கட்டியது என்று நினைத்து, உள்ளே என்ன என்று கேட்காமல் விட்டாள். பெட்டியை மட்டும்தான் கிளறினாள். கூமரா பெட்டியைக் காட்டவே இல்லையே! மற்றவர் யாரென்று ஞாபகம் வரவில்லை. அங்கேயும் பெட்டியை மட்டும்தான் பார்த்திருப்பாள்.

முழங்காலிட்டுக் கூமராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாய்க்குப் பயந்து ஓடிய பிள்ளைதான். மெரே எதுவும் பார்க்காதது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, இருவரும் சேர்ந்தே இருக்கலாம், ஆனால் இனிமேல் ஆட்களிடமும் இப்படிக் கேள் என்றார்.

இடைவேளையில் வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"என்ன மாதிரி? நாய் பாஸோ?"

"நாய் எப்பவோ பாஸ் அப்பா" என்றாள் லோஜனா. "இண்டைக்குத்தான் நான் பாஸ் பண்ணினனான்."