ஊறிய பட்டாணியும் மூன்று பற்களும்

கடப்பாறை, பட்டாணிக் கிடங்கு முதலாளிக்குப் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தார். மகளின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கியது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? திருடவில்லை, கைநீட்டி வாங்கினார், நோட்டில் கோணல்மாணலாகக் கையெழுத்தும் போட்டார்.

அந்தக் கிடங்கின் சுமை மேஸ்திரி அவர். எந்நேரமும் கையில் கடப்பாறை இருந்ததால் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஆனால் மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்கிற காலேஜ்காரன் எவனாவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஒரு நாள் விடிகிற நேரத்தில் கிடங்கின் மாடி தீப்பிடித்தது. காலிச் சாக்குக் கட்டுகள் திகுதிகுவென்று எரிந்தன. கூரைத் தகடுகள் முறுக்கிக்கொண்டு தெருவில் விழுந்தன. தீயணைப்பு வண்டிகள் மூன்று மணி நேரம் தண்ணீரைப் பீய்ச்சி, ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டுப் போயின. கீழே தீ இறங்கவேயில்லை. அங்கே தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் காய்ந்த பட்டாணி மூட்டைகள். முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

“நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் வர்ற வரைக்கும் ஒரு மூட்டையத் தொடக்கூடாது. தொட்டா ஒத்தக் காசு தரமாட்டான்.”

கடப்பாறை ஷட்டருக்கடியில் கசிந்த தண்ணீரைப் பார்த்தார். பத்தொன்பது வயதில் ஒரு துறைமுகத்தில் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நனைந்த பட்டாணி ஊறிப் பெருத்து, இரும்புக் கதவையே பெயர்த்துத் தள்ளி, எதிரே நின்றவன் காலைக் கூழாக்கியது. இங்கே மாடி உத்தரங்கள் அத்தனையும் பக்கச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தன. சுவர் போனால் கட்டடமே போச்சு.

“முதலாளி, மேல அடிச்ச தண்ணி பூரா கீழதான இறங்கிருக்கு? பட்டாணி ஊறுது. சாயங்காலத்துக்குள்ள சுவரத் தள்ளிரும்.”

“பட்டாணி சுவரத் தள்ளுமா? புகையில மூளை கலங்கிருச்சா மேஸ்திரி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியின் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள்.

“அண்ணே, இவன் கடன் நோட்டு உள்ள மேஜையில இருக்கு. அதைக் கிழிக்கத்தான் துடிக்கிறான்.”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கடப்பாறை கிடங்கை ஒட்டிய சந்துக்குப் போய்ச் சுவரை வெளிப்புறமாகப் பார்த்தார். நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அதில் ஒரு தீக்குச்சியை இறுகச் செருகினார். விரிசல் அகன்று, ஒரு மணி நேரத்தில் குச்சி தானாகக் கழன்று விழுந்தது.

அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர்களை அதட்டி வெளியே விரட்டினார். தன் பெயருக்குக் காரணமான அந்த இரும்பைத் தூக்கி வந்து பூட்டில் ஓங்கி ஒரே போடு. பூட்டு தெறித்தது.

“திருட்டு நாயே!”

சின்னவர் இரும்புக் குழாயோடு பாய்ந்தார். முதல் அடி வாயில். மூன்று பற்கள் ரத்தத்தோடு தெருவில் உருண்டன. இரண்டாவது தோளில். மூன்றாவதுக்கு ஓங்கிய கையைக் கடப்பாறை எட்டிப் பிடித்தார். முப்பது வருஷம் மூட்டை தூக்கிய பிடி அது. முறுக்கினார். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. சின்னவர் அலறிக்கொண்டு சுருண்டார்.

முதலாளி ஓடிவந்து கடப்பாறையின் முகத்தில் குத்தினார். கடப்பாறை திருப்பி அடிக்கவில்லை. முதலாளியின் பிடரியைப் பிடித்துச் சந்துக்குள் தரதரவென்று இழுத்துப்போய், அவர் விரலையே விரிசலுக்குள் திணித்தார்.

“ஒரு மணி நேரத்துக்கு முன்ன நகம்தான் போச்சு. இப்ப வெரலு போவுது. பாருங்க!”

விரல்மேல் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. உள்ளே ஓர் உத்தரம் படீரென்று விரிசல் விட்டது. முதலாளி விரலை வெடுக்கென்று உருவினார்.

“மேஸ்திரி... இப்ப என்ன செய்யணும்?”

“முதல்ல உங்க நோட்ட நீங்களே எடுத்துக் கக்கத்துல வச்சுக்கங்க. அப்புறம் போன்ல ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ பிடிங்க. அப்புறம் ஒதுங்குங்க.”

வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு எட்டு ஆட்களோடு இறங்கினார். உத்தரத்துக்கும் சுவருக்கும் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். பிறகு உச்சியிலிருந்து ஆரம்பித்தார்கள். அடியில் உருவினால் அடுக்கு மொத்தமும் ஆள்மேல் சரியும். இறுகிப்போன மூட்டைகளைக் கொக்கியால் கிழித்தார்கள். சாக்குகள் குடல் சரிந்த மாதிரி பட்டாணியைக் கக்கின. ஒரு மூட்டை நழுவி ஓர் ஆளைத் தரையோடு அறைந்தது. அவனை இழுத்து வெளியே போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார்கள். சுவரோரம் காலியானபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுவர் நின்றது. மழை வந்தால் மறுபடி நனையக்கூடாதென்று மாடியில் தார்ப்பாயும் இழுத்துக் கட்டியாயிற்று.

மறுநாள் இன்சூரன்ஸ்காரர் போட்டோக்களையெல்லாம் பார்த்தார். “எடுத்ததுதான் சார் சரி. கையக் கட்டிக்கிட்டு நின்னு சுவர் விழுந்திருந்தா, அதுக்குத்தான் காசு வந்திருக்காது” என்றார்.

முதலாளி அங்கேயே நோட்டைப் பிரித்துக் கடப்பாறையின் பக்கத்தைக் கிழிக்கப் போனார். “கட்டடத்தையே காப்பாத்திட்டீங்க. கடன் கிடன்லாம் ஒண்ணும் இல்ல, போங்க.”

கடப்பாறை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். “கிழிச்சீங்கன்னா, கடனுக்காகத்தான் பூட்ட ஒடச்சான்னு ஆயிரும். மூடி வைங்க.”

ஆறு வாரம் இரட்டை வேலை பார்த்தார். பதினெட்டாயிரத்தையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, நோட்டில் தன் பெயரைத் தானே கோடிழுத்து அடித்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

“இன்னும் என்ன மேஸ்திரி?”

“பல்லு, மூணு. கட்டுறதுக்கு டாக்டர் ஆறாயிரம் கேக்குறாரு. என் கணக்கு முடிஞ்சுது. சின்னவர் கணக்கு நிக்குது.”

“அப்ப என் கை ஒடிஞ்சதுக்கு யாரு குடுப்பா?” என்று சின்னவர் சீறினார்.

“திருடன்னு சொன்ன வாயக் கேளுங்க, அது குடுக்கும்.”

முதலாளி தம்பியை ஒரு பார்வை பார்த்தார். கடப்பாறை உள்ளங்கையை விரித்து நீட்டினார். மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு, சின்னவர் இடது கையால் ஐந்நூறு ஐந்நூறாக, எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணி வைத்தார்.

“...பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.”