நாற்றுக்காரியின் வெறுங்கால்

தினமும் மாத்திரையை விழுங்கியதும் நாற்றுக்காரி வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவளுடைய அண்ணி தாடையைப் பிடித்து நாக்கின் அடியில், கன்னத்தின் ஓரத்தில் எல்லாம் பார்ப்பாள். அண்ணி தையல்காரி. தரையில் விழுந்த ஊசியையும் விடாத கண்.

புருஷன் வழியாக வந்த எச்.ஐ.வி.யோடும் கைக்குழந்தையோடும் நாற்றுக்காரி தெருவில் நின்றபோது, சொந்தக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அண்ணிதான் தையல் அறையில் பாய் விரிக்க இடம் கொடுத்தாள். அதட்டுகிற உரிமையும் அதோடு சேர்ந்தே வந்தது.

மாத்திரை உள்ளே போயும் உடம்பு தேறவில்லை. நோயை எதிர்க்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சோதனையிலும் படுத்தே கிடந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. நகம் காகிதம்போல் வெளுத்துவிட்டது.

"எங்கடி துப்பற? சாக்கடையிலயா?"

"முழுங்கறேன் அண்ணி. நீங்கதான் தொண்டை வரைக்கும் எட்டிப் பார்க்கறீங்களே!"

"பார்த்த பின்னாடி வாந்தி எடுத்தா? இந்தத் தடவையும் ஏறலைன்னா உன் மூட்டையைக் கட்டிக்க. பொண்ணு இங்கேயே இருக்கட்டும். சாகத் துணிஞ்சவகிட்ட அதை நான் விட மாட்டேன்."

அண்ணி சொன்னால் செய்கிறவள். நாற்றுக்காரி வேலைக்குக் கிளம்பினாள்.

நாற்றுப்பண்ணையில் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் உண்டு. அது வாசலிலேயே வரிசையாக நிற்கும். பூட்ஸோடு பாத்தியில் இறங்கினால் அடிக்கு ஒரு கொத்து நாற்று நசுங்கும். வெறுங்காலோடு, கட்டைவிரலை ஊன்றி, இரண்டு வரிசைக்கு நடுவே நடக்கத் தெரிந்தவளே அங்கே கெட்டிக்காரி. இவளை மிஞ்ச ஆளில்லை. ஈர மண்ணில் கலந்த எருவோ கழிப்பறைக் குழியிலிருந்து அள்ளி வந்தது, பாதிதான் மக்கியது. கால்விரல் இடுக்கில் அரிப்பு எடுத்தால், "மண்ணு முத்தம் கொடுக்குதுடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். இவளும் சிரித்துக்கொண்டே சொறிவாள்.

ஆஸ்பத்திரியில், போன முறை கொடுத்த ரத்தம், மலம் இரண்டின் முடிவையும் டாக்டரம்மா பார்த்தார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எண்ணிக்கை ஏறலை."

அண்ணி நாத்தனாரை முறைத்தாள்.

"ஆனா ரத்தத்துல வைரஸ் தெரியவே இல்லை. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

அண்ணியின் கட்டிய கை தானாகவே அவிழ்ந்து தொங்கியது.

"மலத்துல கொக்கிப்புழு முட்டை நிறைய இருக்கு. எங்கம்மா வேலை? காலைக் காட்டுங்க."

விரல் இடுக்கு தடித்துச் சிவந்திருந்தது.

"புழுவா? காலு வழியாவா?" அண்ணியின் குரல் கீச்சிட்டது. "இவ ரெண்டு வேளை குளிக்கறவளாச்சே!"

"குஞ்சுப்புழு கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைச்சு உள்ளே போயி, நுரையீரலைச் சுத்திக் குடலுக்கு வந்து, அங்கே கடிச்சுகிட்டு ரத்தம் குடிக்கும். இவங்க உடம்புல காவலுக்கு இருக்கிற அணுக்களை வைரஸ் ஏற்கெனவே அழிச்சிருக்கு. மிச்சம் இருக்கிறதைப் புழு தன் பக்கம் இழுத்துடும், ஓய விடாது. ஓயாம முழிச்சிருக்கிற காவல் சீக்கிரம் தேயும். வேற கிருமி வந்தா தடுக்க ஆள் பத்தாது."

நாற்றுக்காரி தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள், சுட்டதுபோல் எடுத்தாள். இத்தனை காலமும் தனக்குள் ஒரு கூட்டம் தின்றுகொண்டிருந்தது!

"புழு போனா எண்ணிக்கை ஏறிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் நாற்றுக்காரி.

"சிலருக்கு ஏறுது, சிலருக்கு இல்லை. உறுதி சொல்ல மாட்டேன். ரத்தம் ஊறும், அது நிச்சயம். ஆனா வெறுங்காலோட திரும்ப இறங்கினா மறுபடியும் வரும்."

புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மூட்டை கட்டுகிற பேச்சு அதன்பின் அந்த வீட்டில் எழவே இல்லை. அண்ணி மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பழைய மழைக்கோட்டைக் கிழித்து, சைக்கிள் டியூபை அடியில் ஒட்டி, நாற்றுக்காரியின் பாதத்தைத் துணிமேல் வைத்து வரைந்து, காலோடு ஒட்டிய உறை ஒன்று தைத்தாள். மூன்று ஊசி முறிந்தது. கட்டைவிரல் ஊன்றத் தோதாக முனை குறுகியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒரு நாற்றுகூட மடங்கவில்லை.

மறுநாள் காலை நாற்றுக்காரி மாத்திரையை விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் வாயைப் பிளந்தாள்.

"வாயை மூடு," என்றாள் அண்ணி. "காலைக் காட்டு."