காமினியின் பெயரில் இன்னொருத்தி

காமினிக்குப் பதினாறு வயது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எனக்கு அடுத்த வீட்டுப் பெண். அம்மா பிரமிளா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறார். அப்பா யுகேந்திரனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை. விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போகிறவர், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். காமினி ஒரே பிள்ளை. வயதுக்கு மீறிய உயரம். பள்ளி வலைப்பந்து அணியில் கோல் கீப்பர் அவள்தான்.

அவளுடைய தோழி தர்ஷிகா. ஆயர் ஈத்தாமைத் தாண்டி பார்லிமில், தரைவீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவ வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், நான்காம் படிவம் வரை நாற்காலியை மாற்றவில்லை. சனிக்கிழமைகளில் டவுனுக்கு டியூஷன் போவதும் ஒன்றாகத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் காமினி வகுப்புக்குள் நுழைந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தர்ஷிகா முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். "என்னடி?" என்று கேட்டதற்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடைவேளையில் காமினி போய் உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். வீட்டுக்கு வந்து செய்தி அனுப்பிப் பார்த்தாள். தர்ஷிகா அவள் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள்.

என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது காமினிக்குப் புரிந்தது. கடைசியில் கோகிலன் என்ற வகுப்புப் பையன் பள்ளி விட்டதும் பஸ் நிற்கும் இடத்தில் தன் கைப்பேசியை நீட்டினான்.

"இத நீயே போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறியா?"

அதில் காமினியின் படம் இருந்தது. காமினியின் பெயர் இருந்தது, கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக. அந்தச் சமூக ஊடகக் கணக்கிலிருந்து வகுப்பில் பலருக்கும் செய்தி போயிருந்தது. ஒருத்தியின் பருவைப் பற்றி, ஒருவனின் உடம்பு நாற்றத்தைப் பற்றி, ஆசிரியை ஒருவரின் நடையைப் பற்றி. தர்ஷிகாவைப் பற்றியும் இருந்தது. அவள் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், ஈப்போவில் தனியாக இருக்கிறார் என்று.

அது உண்மை. தர்ஷிகா அதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"இது நான் இல்ல," என்றாள்.

"ஆமா லா, நீ இல்ல," என்று சொல்லிவிட்டுக் கோகிலன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அந்தக் கணக்கின் மேல் காமினி புகார் கொடுத்தாள். பதில் வரவில்லை. வகுப்புக் குழுவில் 'அது நான் இல்லை' என்று எழுதினாள். யாரோ ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார், அவ்வளவுதான். வலைப்பந்துப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாள். இடைவேளையில் நூலகத்தில், அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிக்கொண்டாள். கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. பிரமிளா கேட்டால், "பசிக்கலம்மா" என்பாள். காலையில் வயிற்று வலி என்று அழுதாள். கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"சொன்னா மொதல்ல போன புடுங்கிருவாங்க அக்கா. போன் இல்லன்னா என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னே தெரியாது. தெரியாம இருக்குறது இன்னும் பயம்."

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் எதுவும் தெரியவில்லை. பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை டவுனில் நல்ல மழை. டியூஷன் முடிந்து, அம்மா சொன்ன வாழை இலைக்கட்டையும் பூவையும் வாங்கிக்கொண்டு காமினி பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் நெரித்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டே பின்பக்கம் கொண்டு போனார்கள். தள்ளு நின்ற இடத்தில், சன்னல் ஓர இருக்கையில் தர்ஷிகா உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் இருவரும் வேறு வேறு பஸ்ஸில்தான் போவார்கள். மழை அன்றைக்கு எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

தர்ஷிகா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காமினிக்கு நகர இடமில்லை. ஒரு கை மேலே கம்பியில். இன்னொரு கையில் ஈரம் சொட்டும் பை. அப்போது தர்ஷிகாவின் கைப்பேசி ஒலித்தது. திரையைப் பார்த்தவள் மெதுவாக நிமிர்ந்து காமினியின் இரண்டு கைகளையும் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு ஏதோ தட்டி அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"காமினி," என்றாள். "உன் போன் எங்க?"

"பேக்ல. காலையிலயே செத்துப் போச்சு. ஏன்?"

தர்ஷிகா தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். 'உன் அப்பா இந்த வாரமும் வரலையா?' என்று காமினியின் பெயரில் இருந்த அந்தக் கணக்கிலிருந்து வந்த செய்தி. அதற்குக் கீழே, 'நீ இப்ப எங்க இருக்க?' என்று தர்ஷிகா கேட்ட கேள்வி. அதற்கும் கீழே, சற்று முன் வந்த பதில்: 'வீட்டுல படுத்திருக்கேன்.'

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தர்ஷிகா எப்போது இருக்கையிலிருந்து எழுந்தாள் என்று தெரியவில்லை. அவளும் நின்றுகொண்டிருந்தாள், அழுதபடி. பக்கத்தில் இருந்த ஒரு சீன ஆண்ட்டி ஒன்றும் கேட்காமல் டிஷ்யூப் பொட்டலத்தையே எடுத்து நீட்டினார்.

காமினிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல நீ?"

"கேட்டா, ஆமான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு," என்றாள் தர்ஷிகா. "அப்பாவும் போயி, நீயும் அப்படின்னா... என்னால முடியாதுன்னு தோணுச்சு டி."

அதற்குப் பிறகு காமினியும் அழுதாள். இலைக்கட்டு நசுங்கியது. சந்தை நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். தர்ஷிகா பார்லிம் போகவில்லை. காமினியோடு மாடி ஏறி வந்தாள்.

பிரமிளாவிடம் எல்லாவற்றையும் தர்ஷிகாவே சொன்னாள். கேட்டு முடித்த பிரமிளா, "இத்தனை நாளா இதையா வயித்து வலின்ன?" என்று மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆனால் காமினி பயந்தது அப்பாவுக்கு. யுகேந்திரன் வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் கதவருகில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"போனக் குடு."

காமினி கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சார்ஜே இல்லையே. சார்ஜ் போடு. அந்தக் கணக்குல போட்டது எல்லாத்தையும் அப்படியே படம் புடிச்சு வைக்கணும், அழிச்சிரப் போறாங்க. எனக்கு அது தெரியாது, நீங்க ரெண்டு பேரும் செய்ங்க. திங்கட்கிழமை நான் லீவு போட்டுட்டு ஸ்கூலுக்கு வர்றேன்."

"போன எடுத்துக்கலயாப்பா?"

"நான் எதுக்கு எடுக்கணும்? நீயா தப்பு செஞ்ச?"

அன்றைக்குக் காமினி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் என்று பிரமிளா என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

பள்ளியில் ஆலோசகராக இருந்தவர் மஹ்பூபா டீச்சர். அவர் யாரையும் மிரட்டவில்லை. தர்ஷிகா தன் அப்பாவைப் பற்றி எங்கே வைத்துச் சொன்னாள் என்று மட்டும் கேட்டார். வலைப்பந்துத் திடல் பெஞ்சில் என்றார்கள். பெஞ்சுக்குப் பின்னால் பந்துகள் வைக்கும் சிறிய அறை இருக்கிறது; உள்ளே இருப்பவருக்கு வெளியே பேசுவது கேட்கும். டீச்சர் அணியில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, "யாராக இருந்தாலும் தனியா வந்து என்னைப் பார்க்கலாம். என்னைத் தேடி வர வைக்காதீங்க," என்றார். மறுநாள் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயரைக் காமினி எனக்குச் சொல்லவில்லை. காமினி அணியில் சேர்ந்ததும் தன் இடத்தை இழந்து மாற்று ஆட்டக்காரியானவள் என்று மட்டும் சொன்னாள். முதல் செய்தியை விளையாட்டாகத்தான் அனுப்பினாளாம். எல்லாரும் அதைப் பற்றியே பேசியதும், நிறுத்த முடியவில்லையாம். டீச்சர் அறையில் வைத்து அழுதுகொண்டே அந்தக் கணக்கை அழித்தாள். வகுப்புக் குழுவில் தன் சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்டாள். பள்ளி அவளைச் சில வாரம் விளையாட்டிலிருந்து விலக்கி வைத்தது.

"நீ மன்னிச்சிட்டியா?" என்றேன்.

"தெரியலக்கா. திரும்ப வந்ததும் பந்து போட்டா புடிச்சுக்குவேன். கூட உக்காந்து சாப்பிட மாட்டேன்."

குழுவில் சிலர் காமினியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டுப்பாடத்தைக் கேட்டார்கள். கோகிலன் நேரில் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "சாரி லா, நான் ரொம்ப மோசம்," என்றான். ஆனால் எல்லாரையும் வாயடைக்கச் செய்தவள் தர்ஷிகா. அவள் குழுவில் எழுதினாள்: 'ஆமாம், என் அப்பா இப்போது ஈப்போவில் இருக்கிறார். நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். வேறு யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னையே கேளுங்கள்.' யாரும் கேட்கவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியதாக அவள் சொன்னாளாம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கும் அத்தோடு விட்டது.

போன மாதம் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் ஓர் ஆட்டம். காமினியின் அணி தோற்றது, அதுவும் மோசமாக. யுகேந்திரன் பட்டறையிலிருந்து நேராகத் திடலுக்குப் போய், வேலைச் சட்டையோடு கடைசிவரை நின்று கத்தினாராம். திரும்பும்போது பிள்ளைகள் எல்லாரும் ஃபெர்ரியின் மேல்தளத்தில் நின்று, காற்றில் முடி பறக்க, உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களைப் பிடுங்கித் தின்றார்கள். அந்தப் படத்தைக் காமினி என்னிடம் காட்டினாள். யார் எடுத்தது என்றேன்.

"தர்ஷிகா. நல்லாவே எடுக்கத் தெரியாது அவளுக்கு, பாதிப் பேர் தலையே இல்ல பாருங்க," என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.